இரண்டு சிரட்டைகள்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று உப்புத் தண்ணீரில் இரண்டு புழுக்கள் மிதந்தன. சிறுகீரையில் வரும் மெல்லிய பச்சைப் புழு. ஒன்று சுண்டுவிரல் நகத்தின் நீளம், மற்றது அதில் பாதி.

இரண்டு பெரிய எண் அல்ல. இவர் ஆய்ந்த கீரையில் இரண்டு என்பதுதான் பெரிய எண். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் கீரை ஆய்வது இவர்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். கீரையையும் சோதனைச்சாலையில் நிற்பது போலத்தான் ஆய்வார். சுளகை, அதாவது ஒரு பக்கம் வாய் திறந்த முறத்தை, மடியில் வைத்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி நரம்பின் அடியைப் பார்ப்பார். சுருண்ட இலையைப் பிரிப்பார். கறுப்புப் பொடியாக எச்சம் தெரிந்தால் அந்தத் தண்டையே தள்ளி வைப்பார். புழுவைக் கொல்லமாட்டார். இலையில் இருந்த உயிரை நசுக்கிவிட்டு அந்த இலையைத் தின்னக்கூடாது என்பது இந்தச் சைவ வீட்டின் வழக்கம். தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்து, பக்கத்துக் காலி மனையில் கொண்டுபோய் விடுவார். பிறகு நான் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மூன்று தடவை அலசுவேன். சும்மா ஒரு பழக்கம். அதில் எதுவும் மிதந்ததில்லை.

"பிரமநாயகம் ஆஞ்ச கீரைய கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம்" என்று தென்காசியில் இருக்கும் இவருடைய அக்கா சொல்வாள்.

நான் புள்ளியியல் படித்தவள். விவசாயி சொல்லும் மகசூலை எழுதாமல், வயலில் கயிறு கட்டி, அறுத்து, எடைபோட்டு எழுதுவது என் உத்தியோகம். அதனால் இன்று இன்னொரு சிரட்டையைக் கழுவி ஜன்னலில் வைத்தேன். இவர் பிடித்தவை ஒன்றில். இவர் ஆய்ந்தபின் நான் கண்டவை மற்றதில். எண்ணிக்கையை இங்கே எழுதிவருவேன்.

நவம்பர் 6, புதன்

இவர் 9. நான் 1.

நவம்பர் 10, ஞாயிறு

கீரை பறிக்க மொட்டை மாடிக்கு வரச்சொன்னேன். வரவில்லை.

"முட்டு வலிக்கி வடிவு. நீயே பறிச்சிட்டு வா."

பறித்து வந்து சுளகில் போட்டதும் இவரே பேச்சை எடுத்தார்.

"இந்தத் தோட்டத்த இவ்வளவு சிரமப்பட்டு வச்சிருக்கணுமா? மார்க்கெட்ல கட்டுக் கட்டா விக்கான்."

"மருந்தடிச்ச கீரை."

"ஊரே அதத்தான திங்கு."

"ஊர் திங்கட்டும்."

முட்டு வலிக்கிறவர் ஸ்கூட்டரில் அல்லவா போகவேண்டும்? ஆடி மாதத்திலிருந்து இவர் வண்டியை எடுக்கவில்லை. பள்ளிக்கு நடந்தே போகிறார், நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறார். இருபது படி ஏற முடியாத முட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் பொருந்தவில்லை.

எடுக்காத வண்டியின் பூட்டை மட்டும் தினமும் சாப்பிட்டு முடித்ததும் போய்ச் சரிபார்க்கிறார். ஐந்து நிமிடம் ஆகிறது.

மாடித் தோட்டம் மாமா போன பிறகு வந்தது. மாமா, அதாவது இவருடைய அப்பா, கடைசி ஆறு வருடம் பார்வையில்லாமல் இந்த வீட்டில்தான் இருந்தார். குளியலறைக்கும் கோயிலுக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான். இவர் பள்ளிக்குப் போகவேண்டும். நானும் வேலைக்குப் போகிறவள்தான், ஆனால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த அன்று அடுக்களையில் நின்று இவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இப்போது எழுதவேண்டிய அவசியம் இல்லை. அடுத்த வாரம் மண்ணும் தொட்டியும் வாங்கினேன். தண்ணீர் மட்டும் கேட்கும் எதையாவது வளர்க்கவேண்டும் போலிருந்தது.

இவர் 7. நான் 3.

நவம்பர் 18, திங்கள்

கார்த்திகை சோமவாரம். உலகம்மை மதினி தென்காசியிலிருந்து வந்திருந்தாள். சிவதீட்சை வாங்கியவள். இந்த மாதம் திங்கள்கிழமைகளில் ஒருபொழுதுதான் சாப்பாடு. கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு இலையில் உட்கார்ந்தாள். சாம்பார், வாழைக்காய், தேங்காய் போட்ட தண்டுக்கீரைத் துவரன்.

காலையில் எனக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் வெறுமனே அலசிவிட்டேன். அது என் தவறு. இவர் ஆய்ந்தது என்று விட்டுவிட்டேன்.

மதினி இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்குப் பிசைந்த கையை நிறுத்தினாள். துவரனில் இருந்து ஒன்றை விரலால் ஒதுக்கி இலையின் ஓரத்தில் வைத்தாள். வெந்து வெளுத்து, கொஞ்சம் வளைந்து, பார்த்தால் தேங்காய்த் துருவல் என்றே தோன்றும். தேங்காய்த் துருவலுக்குக் கால் இருக்காது.

மதினி எழுந்து பின்கட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்தாள், கொப்பளித்தாள்.

"ஏளா வடிவு, மாடியில வெவசாயம் பாக்கறதுன்னா பாரு. ஆனா எனக்கு இன்னைக்கு ஒரு வேளதான் சோறு. அதுல இது."

"மதினி, அவங்கதான் ஆஞ்சாங்க."

"என் தம்பியா?" என்று சிரித்தாள். "அவன் ஆஞ்சா இருக்குமா?"

இவர் தலையைக் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஆய்ந்ததாகச் சொல்லவில்லை. ஆயவில்லை என்றும் சொல்லவில்லை.

மதினி இரண்டு வாழைப்பழத்தோடு நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

"எப்படி விட்டிய?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் பத்தல."

அந்த இடத்தில் இருபத்து மூன்று வருடமாக அதே வெளிச்சம்தான்.

நவம்பர் 20, புதன்

இன்றுமுதல் சுளகை எடுத்துக்கொண்டு வாசல் படியில், வெயிலில் போய் உட்கார்ந்து ஆய்கிறார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். வெயிலில் ஆய்ந்தும் எனக்கு நான்கு கிடைத்தன. நான்கில் ஒன்று என் ஆள்காட்டி விரல் நீளம். அதை ஒருவர் பார்க்காமல் விடமுடியாது. பார்த்தும் விடமுடியும்.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தோட்டம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. மதினி முன்னால் ஒரு புழு விழுந்தால் நானே தோட்டத்தைக் கலைத்துவிடுவேன் என்று ஒருவர் நினைத்திருக்கலாம். இவர் அப்படி நினைக்கக்கூடியவர் இல்லை என்று இருபத்து மூன்று வருட அனுபவம் சொல்கிறது. அனுபவம் சொல்வதை எழுதக்கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கவனித்தேன். இவருடைய இமை மயிர் நீண்டிருக்கிறது. கறுத்தும் இருக்கிறது. தலை நரைத்துவிட்டது, மீசையில் பாதி நரை. இமை மட்டும் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல.

"கண்ணுக்கு ஏதாவது போடுதியளா?"

காப்பி டம்ளரை வைக்க இரண்டு தடவை மேசையைத் தேடினார். "என்ன போடணும்?"

"கண்மை ஏதாவது."

"அம்பத்தி மூணு வயசுல எனக்கு மை ஒரு கேடா?" என்று சிரித்தார். சிரித்தது சரியான அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

நவம்பர் 27, புதன்

இவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயசீலி என்று பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. மற்றவர் போனை எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. நின்று, மறுபடி அடித்தது.

வெளியே வந்ததும், "போன் வந்துச்சு" என்றேன்.

"யாரு?"

"நீங்கதான் பாக்கணும்."

போனைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் பார்த்துவிடக் கூடாது என்று அப்படிப் பிடித்ததாகத் தோன்றியது. "ஸ்கூல்ல புதுசா வந்த டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ப் பேசினார். "இல்லைங்க, இப்ப முடியாது, வீட்டுல சொல்லல" என்பது மட்டும் கேட்டது.

பெயரைக் குறித்துவைக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பஸ் டிக்கெட். மதுரை. தேதி போன வியாழன். வியாழக்கிழமை பள்ளியில் ஆய்வு அலுவலர் வருகிறார், வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எட்டு மணிக்குத்தான் வந்தார். முகம் களைத்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. ஆய்வு எப்படி என்று கேட்டதற்கு நன்றாக நடந்தது என்றார்.

டிக்கெட்டை இந்த நோட்டில் வைத்திருக்கிறேன். ஓசூரிலிருந்து மகள் பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார் என்றேன். என் அலுவலகப் படிவத்தில் இதற்கு 'தகவல் பெறப்படவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. மகளிடம் அதைச் சொல்ல முடியாது.

இவர் 5. நான் 6.

முதல் தடவையாக என் சிரட்டையில் அதிகம்.

டிசம்பர் 7, சனி

இன்று நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுகிறேன்.

மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். இவர் எதிரே வந்தார். என்னை உரசுகிற தூரத்தில், என் பக்கம் இடது தோள் இருக்கும்படி, கடந்து போனார். கை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம். நின்று கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக, போய்விட்டார்.

நானும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து, "மார்க்கெட் போனியளா?" என்றேன்.

"ஆமா. ஏன், நீயும் வந்தியா?"

"இல்ல" என்றேன்.

இது நான் சொன்ன பொய். இதையும் எழுதிவைக்கவேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

இவர் 4. நான் 7.

கீரை ஆயும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுக் கவனத்தோடுதான் ஆய்கிறார். முன்பைவிட மெதுவாக. இலையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். வேண்டுமென்றே விடுகிறவருக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. நடிக்கிறவருக்குத் தேவை.

டிசம்பர் 12, வியாழன்

சந்தேகத்தை வைத்துக்கொண்டு அதையே சுற்றிவருவது படித்தவள் செய்கிற காரியம் இல்லை. சோதித்துப் பார்க்கவேண்டும். எண்ணிக்கை எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும், இவருக்குத் தெரியக்கூடாது.

மாடியில் பாலக்கீரைத் தொட்டியிலிருந்து பத்துப் புழுக்கள் எடுத்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அளவு. ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாமல் இருக்கும், வைத்த இடத்திலேயே கிடக்கும். கொத்துமல்லிக்குப் பின்னால் வைத்தேன். மதினிக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

டிசம்பர் 14, சனி

முதல் சோதனை. நானே முழுக் கீரையையும் இரண்டு தடவை ஆய்ந்து, ஊறவைத்து, உதறி, சுத்தம் என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு பத்தையும் இலைகளுக்கு மேலே, மறைக்காமல், ஒட்டிவைத்தேன். சுளகின் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. மடியில் வைக்கக் கொடுத்தேன்.

இருபது நிமிடம் ஆய்ந்தார். சிரட்டையில் ஐந்து.

ஐந்து என்றால் பாதி. பாதியைப் பிடித்துப் பாதியை விடுவது ஒருவர் திட்டம் போட்டுச் செய்கிற காரியம் போலத்தான் இருக்கிறது. சந்தேகம் வராத அளவு பிடிக்கவேண்டும், தோட்டம் கெடுகிற அளவு விடவேண்டும்.

ஆனால் விட்ட ஐந்தும் சுளகின் இடது பக்கத்தில் இருந்தவை. வலது பக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது சோதனை. பத்தும் இடது பக்கம்.

"இன்னைக்குப் புழுவே இல்ல வடிவு" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். "பாரு, சுத்தமா இருக்கு. மழ நின்னதும் கொறைஞ்சிரும்னு சொன்னம்லா."

வெறும் சிரட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, தனக்கு இடப்பக்கம் இருந்த என் கையைத் தேடிப் பிடித்தார்.

பத்துப் புழுக்களும் சுளகில் என் கண்ணுக்கு நேரே கிடந்தன.

டிசம்பர் 16, திங்கள்

மூன்றாவது சோதனை. பத்தும் வலது பக்கம். ஒன்பதைப் பிடித்தார்.

பத்தாவது புழு, இவர் ஆய்கிறபோதே தண்டைத் தாண்டி இடது பக்கம் போய்விட்டது.

இதற்கு வேறொரு விளக்கம் இருக்கிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு படிவமும் நிரப்பவில்லை. மாமா ஞாபகம் வந்தது. பார்வை முழுதாகப் போவதற்கு முந்தைய வருடம், இலையில் ஒரு பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதான் வச்சியா?" என்று கேட்பார். நான் இலையைச் சுற்றித் திருப்பி வைப்பேன். மீதிப் பாதியையும் சாப்பிடுவார். குறும்பு செய்கிறார் என்று நினைத்து ஒருநாள் கோபித்துக்கொண்டேன்.

முன்பு எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். மார்க்கெட்டில் கடந்து போனது இடது தோள். மேசையில் டம்ளரைத் தேடியது, படி ஏற மறுத்தது, ஸ்கூட்டர், போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தது. எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அடியில் நான் எழுதிய விளக்கமும் இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் நாற்காலியை இவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஜெயசீலி யாரு?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மதுரையில கண் ஆஸ்பத்திரி. கவுன்சலர்."

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்து. கண்ணுல அழுத்தம் கூடிப்போச்சு. அப்பாவுக்கு வந்ததுதான். சொட்டு மருந்து விடுதேன்."

"எங்க வச்சிருக்கிய?"

"காலையில உள்ளது ஸ்கூல் லேபுல. ராத்திரி உள்ளது வண்டி சீட்டுக்கு அடியில."

பூட்டைச் சரிபார்க்கும் ஐந்து நிமிடம்.

"இமை?"

"மருந்து பண்ற வேல. வளந்துக்கிட்டே போகுது. பசங்ககூட சிரிக்கானுவ."

மருந்து போதவில்லை, அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறதாம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற. வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட இருக்கவேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"அப்பா காரியம் முடிஞ்ச அன்னைக்கு நீ அடுக்களையில நின்னு ஒண்ணு சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 'இனிமே இன்னொருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல.' நவம்பர் 10-ஆம் தேதி எழுதவேண்டிய அவசியம் இல்லை என்று விட்ட வார்த்தை இதுதான்.

"அத நான் உங்கள வச்சுச் சொல்லல."

"தெரியும். ஆனா என்ட்டதான சொன்ன."

நிறுத்திய பொத்தானைப் போட்டு முடித்தார். இவரே மறுபடி பேசினார்.

"நேத்து ஒரே பக்கமா ஒம்பது புழு கெடந்துச்சே. நீதான் போட்டியா?"

"ஆமா."

"சில்லுன்னு இருந்துச்சு. ஃபிரிட்ஜா?"

"ஆமா."

"அக்காவுக்குத் தெரிஞ்சா ஃபிரிட்ஜோட சேத்து ஒன்னையும் ஆத்துல முக்கிருவா." சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார். "முந்தாநாள் எத்தன போட்டே?"

"பத்து."

"பத்தா?"

"பத்து."

சுளகு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "நான் ஒண்ணுகூட இல்லன்னு சொன்னேன்" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

மதுரை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவருக்கு இடது பக்கம் வந்து நடந்தேன். கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டிய இடத்தில் இருந்தேன்.

ஜெயசீலி ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"அட்டெண்டர் இல்லாம ஆபரேஷனுக்குத் தேதி தரமாட்டோம்மா. நானும் எத்தன தடவ போன் பண்ணிட்டேன். வீட்டம்மாவுக்கு லீவு கெடைக்காதுன்னே சொல்லிட்டிருந்தாரு சார்."

"எனக்கு நூத்திப் பதினோரு நாள் லீவு இருக்கு" என்றேன்.

"எழுதிக்குடுங்க" என்று சிரித்தாள். எழுதிக்கொடுத்தேன்.

மருத்துவர் இளம் பெண். இடது பக்கம் எப்போதிலிருந்து தெரியவில்லை என்று இவரைக் கேட்டாள்.

"தெரியலைங்கறதே தெரியல டாக்டர். கறுப்பா எதுவும் மறைக்கல. கண்ணுக்குப் படறதுதான் முழுசுன்னு இருந்தேன்."

"வீட்ல யாராவது கவனிச்சீங்களா?"

நான் இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கவேண்டாம் என்று பஸ்ஸில் நாலு மணி நேரம் நினைத்துக்கொண்டு வந்தேன். எண்கள் உள்ள இடங்களை மட்டும் காட்டினேன். மற்ற பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"இது என்னம்மா, புழுக் கணக்கா?"

சொன்னேன். கடைசி மூன்று நாள் சோதனையையும் சொன்னேன். ஆடி மாதம் எடுத்த பரிசோதனைத் தாளையும் இன்று எடுத்ததையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் எண்களையும் பார்த்தாள். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்கோரப் பக்கம் குறையத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து இடது பக்கத்தை எடுத்துவிட்டது என்றாள்.

"மெஷின் சொல்றதையேதான் நீங்களும் எழுதியிருக்கீங்க. நல்லா கவனிச்சிருக்கீங்க."

கவனித்தேன் என்பது சரி. எதை என்பதுதான் தவறு. அதை அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

அறுவை சிகிச்சை நாற்பது நிமிடம். வெளியே இரும்பு நாற்காலி. கையெழுத்து மூன்று இடத்தில்.

டிசம்பர் 28, சனி

கட்டுப் பிரித்தார்கள். முதலில் என்ன தெரிகிறது என்று மருத்துவர் கேட்டாள். "என் பெஞ்சாதி மொறைக்கிறது தெரியுது" என்றார். நான் முறைக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு எட்டு வேளை. அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அழுத்தம் இறங்கியிருக்கிறது. மாடியில் கீரை முற்றிக் கிடக்கிறது. புழுக்கள் தின்னட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

"சும்மா உக்காந்திருக்க முடியல. கீரைய கொண்டா" என்றார்.

சுளகைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆய்ந்துவிட்டு, "இத திருப்ப முடியல வடிவு. வாய் அந்தப் பக்கம் போனா எல்லாம் கொட்டுது" என்றார்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து கல்யாணத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தேன். வட்டம். அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. மேசையில் வைத்து, ஒரு பகுதியைப் பார்த்து முடித்ததும் கையால் கொஞ்சம் சுற்றுகிறார். மறுபடி பார்க்கிறார். மறுபடி சுற்றுகிறார். முழுச் சுற்று வர அரை மணி நேரம் ஆனது.

"எத்தன விட்டேன்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

முகம் வாடியது. எண்ணைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அப்போது தோன்றியது. இருபது வருட உத்தியோகத்தில் ஒரு எண்ணைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தம்பியைப் பார்க்க உலகம்மை மதினி வந்தாள். இவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

சாப்பாட்டுக்குச் சிறுகீரைத் துவரன். காலையில் இவர்தான் ஆய்ந்தார். தாம்பாளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். அதன்பிறகு நான் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலு தடவை அலசினேன். என் சிரட்டையை இவர் பார்க்குமுன் காலி மனையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

மதினி இலையில் உட்கார்ந்ததும் துவரனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆரு ஆஞ்சது?"

"அவங்கதான்."

இவர் சாப்பிடாமல் காத்திருந்தார். மதினி குரலைத் தாழ்த்தி, "ஏளா, நீ ஒருதரம் பாத்தியா?" என்றாள். தாழ்த்தினாலும் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தேன் மதினி."

"இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல."

மதினி சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இவன் ஆஞ்ச கீரைக்கு என்ன" என்றாள்.

அவள் பஸ் ஏறியபின், கைகழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நெசமாவே சைபரா?"

"சைபர்."

"சர்க்கார் கணக்கா?"

"சர்க்கார் கணக்குதான்."

சிரித்துக்கொண்டே துண்டை எடுக்கக் கை நீட்டினார். துண்டு இடது பக்கம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

இவர் 8. நான் 3.